வெங்காய நாற்றும் நடவும்



சென்ற உரையில் வீட்டின் பின்புறத்தில் கத்தரியும் வெண்டையும் பயிரிடும் முறையைப் பார்த்தோம். அவற்றைக் காய்த்துப் பறித்து அடுப்படிக்குக் கொண்டுவந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சட்டியை அடுப்பில் வைத்து, எண்ணெய் காய்ந்ததும் நம் கை முதலில் எதைத் தேடுகிறது? வெங்காயத்தைத்தானே! மீன் குழம்பு, கருவாட்டுப் பிரட்டல், நெத்திலிச் சம்பல், வெறும் பருப்பு என எதுவாக இருந்தாலும் வெங்காயம் வதங்கும் மணத்தில்தான் நம் வீட்டுச் சமையல் தொடங்குகிறது.

கறிவேப்பிலையை நாம் காசு கொடுத்து வாங்குவதில்லை. முருங்கைக் கீரையும் பச்சை மிளகாயும் வேலியோரத்தில் கிடைக்கின்றன. வெங்காயத்துக்கு மட்டும் கடைக்குத்தான் ஓடுகிறோம். அந்தக் கடைக்காரரும் கப்பலை எதிர்பார்த்தே இருக்கிறார். நம் நாட்டில் உண்ணப்படும் வெங்காயம் ஏறத்தாழ முழுவதும் இந்தியா, சீனா, பாகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வருவதுதான். அங்கே மழை பொய்த்தாலோ, அளவுக்கு மீறிப் பெய்தாலோ, இங்கே நம் மளிகைக் கணக்கு ஏறிவிடுகிறது. 2019-ஆம் ஆண்டிலும் 2020-ஆம் ஆண்டிலும் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மீண்டும் 2023 டிசம்பரில் விதித்த தடை, 2024 மே மாதம் வரை நீடித்தது. தன் மக்களுக்கு முதலில் வேண்டும் என்று ஒரு நாடு நினைப்பதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மாதங்களில் நம் வீடுகளில் நடந்தது என்ன? இரண்டு வெங்காயம் அரியும் இடத்தில் ஒன்றை அரிந்தோம். ஒன்று அரியும் இடத்தில் பாதியை எடுத்து வைத்தோம்.

ஆகவே, வெங்காயத்தை நாமே விளைவித்தால் என்ன என்ற கேள்வி எழுகிறது. விளைவிக்கலாம். ஆனால் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டின் வெப்பத்திலும் மழையிலும் வெங்காயம் சுலபமான பயிர் அன்று. கங்குங் கீரையைப்போல் ஒடித்து நட்டால் வந்துவிடாது. பொறுமையும் கவனமும் கேட்கும் பயிர் அது. அதிலும் முதல் ஆறு, ஏழு வாரம், அதாவது நாற்றங்காலில் இருக்கும் காலம், மிக முக்கியமானது. விளைச்சலில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. இதை நாங்கள் ஏட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று முறை தோற்றுத்தான் தெரிந்துகொண்டோம்.

"விதை எதற்கு? கடை வெங்காயத்தையே ஊன்றினால் முளைக்காதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில் இன்றும் சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் காயாகவே ஊன்றுகிறார்கள். கடை வெங்காயமும் முளைக்கும். தாளும் விடும். ஆனால் ஊன்றுவதற்கு எடுக்கும் ஒவ்வொரு வெங்காயமும் நாம் காசு கொடுத்து வாங்கிய உணவு. ஒரு பாத்தியை நிரப்ப ஒரு கூடை வேண்டும். தவிரவும், அழுகல் நோய் ஏதாவது ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்தே நம் மண்ணுக்கு வந்துவிடும். விதையோ ஒரு கிராமில் ஏறத்தாழ 250 முதல் 300 வரை இருக்கும். இரண்டு கிராம் விதையை உள்ளங்கையில் ஏந்திவிடலாம். அதில் ஒரு பாத்திக்கு வேண்டிய நாற்று அத்தனையும் அடங்கியிருக்கிறது.

இனி, நாங்கள் தோற்ற கதைக்கு வருவோம்.

முதல் முறை, பட்டணத்துக் கடை ஒன்றில் வெகுநாள் தொங்கிக் கிடந்த விதைப் பொட்டலத்தை வாங்கி வந்தோம். விதைத்தோம், நீர் தெளித்தோம், பத்து நாள் காத்திருந்தோம். பூண்டு புல் முளைத்ததே தவிர வெங்காயம் முளைக்கவில்லை. வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. சாதாரண முறையில் வைத்தால் ஓர் ஆண்டுக்குமேல் அதை நம்ப முடியாது. நம் நாட்டின் புழுக்கமும் ஈரமும் அந்த ஓர் ஆண்டைக்கூட முழுதாக விடுவதில்லை. ஆகவே பொட்டலத்தில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். சோதனை மிகவும் எளிது. இருபது விதைகளை எண்ணி, நனைத்துப் பிழிந்த துணியில் பரப்பி, சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் பிரித்து எண்ணுங்கள். பதினான்கு அல்லது அதற்குமேல் முளைத்திருந்தால் நல்ல விதை. பத்துதான் முளைத்தது என்றால் இரண்டு மடங்கு விதையுங்கள். ஐந்துகூட இல்லையென்றால் அந்த விதையை மறந்துவிடுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால், அவர்களே எண்ணிக் கணக்குச் சொல்வார்கள். மீதி விதையை ஈரம் புகாத சிறு புட்டியில் இறுக மூடி, குளிர்பெட்டியில் வைத்தால் சற்றுக் கூடுதல் காலம் தாங்கும்.

இரண்டாம் முறை புதிய விதையே கிடைத்தது. அழகான படம் போட்ட பொட்டலம். குளிர் நாடு ஒன்றிலிருந்து வந்த விதை. நாற்று நன்றாக வந்தது. நட்டோம். பச்சைப் பசேலென்று வளர்ந்தது. மூன்று மாதம் போயிற்று. நான்கு மாதமும் போயிற்று. மண்ணைக் கிளறிப் பார்த்தால் காயே இல்லை. தாள் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. என்ன காரணம்?

வெங்காயச் செடி பகல் பொழுதின் நீளத்தை அறிந்துதான் காய் பிடிக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் அளவு உண்டு. குளிர் நாட்டு வகைகள் சிலவற்றுக்குப் பகல் 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். அங்கே கோடைக் காலத்தில் அவ்வளவு நீண்ட பகல் இருக்கிறது. நாமோ பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்கிறோம். தை மாதமானாலும் ஆடி மாதமானாலும் இங்கே பகல் ஏறத்தாழ 12 மணி நேரந்தான். அந்தச் செடி தனக்கு வேண்டிய நீண்ட பகலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். நாமும் காத்துக்கொண்டே இருப்போம். இருவருக்கும் ஏமாற்றந்தான். எனவே, 11 அல்லது 12 மணி நேரப் பகலிலேயே காய் பிடிக்கும் 'குறும்பகல்' வகை விதையைத்தான் நாம் வாங்க வேண்டும். வெப்ப நாடுகளில் வளர்த்தெடுத்த வகைகள் இத்தகையவை. மார்டி என்று நாம் அழைக்கும் நமது நாட்டு வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும் இந்த மண்ணுக்கென்றே பி.ஏ.டபிள்யூ. 1, 2, 3 என்னும் சிறு சிவப்பு வெங்காய வகைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. விதை வாங்குமுன் உங்கள் மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்தில் கேளுங்கள். "சமவெளிக்கு ஏற்ற வெங்காய விதை எது? எங்கே கிடைக்கும்?" என்று கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. கடையிலும் படத்தைப் பார்த்து வாங்காமல், எந்த நாட்டுக்கு ஏற்ற வகை என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் முறை நல்ல விதை, ஏற்ற வகை. முளைப்பும் குறைவில்லை. ஆனால் திறந்தவெளியில் விதைத்திருந்தோம். ஒரு நாள் பிற்பகல் மழை அரை மணி நேரம் கொட்டியது. நூல்போல் நின்ற நாற்றுகள் மண்ணோடு மண்ணாகப் படிந்துவிட்டன. எஞ்சியவை அடுத்த நான்கு நாட்களில் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. அன்றுதான் வெங்காய நாற்றுக்குக் கூரை வேண்டும் என்பதை உணர்ந்தோம்.

இந்த மூன்று தோல்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இப்போது முறையாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

நாற்றங்கால் என்றதும் வயல்வெளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கிராம் விதைக்கு ஆழம் ஒரு சாண் உள்ள பழப்பெட்டியோ, அடியில் துளையிட்ட பழைய நெகிழித் தொட்டியோ போதும். நல்ல மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு கலந்து, கட்டியில்லாமல் சலித்து நிரப்புங்கள். விதைப்பதற்கு முதல் நாள் அதன்மேல் கொதிக்கும் நீரைப் பரவலாக ஊற்றி ஆறவிடுங்கள். மண்ணில் இருக்கும் அழுகல் பூஞ்சணமும் களை விதையும் பெருமளவு ஒழியும்.

மறுநாள், மண்ணில் விரலால் வரி இழுங்கள். வரிக்கு வரி நான்கு விரற்கிடை இடம் விடுங்கள். வரியின் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். விதையைத் தூவிக் கொட்டாமல், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் விட்டு விட்டுப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் ஒன்றின் உணவை ஒன்று பிடுங்கிக்கொண்டு எல்லாமே மெலிந்துபோகும். அழுகலும் விரைவாகப் பரவும். மேலே மெல்லிய மண் தூவி, கையால் இலேசாக அமுக்கி, பூவாளியால் தெளியுங்கள். முளைக்கும் வரை பெட்டி நிழலில் இருக்கட்டும். மண் அதிகமாகச் சூடேறினால் வெங்காய விதை முளைக்க மறுக்கும். எறும்பு விதையைத் தூக்கிப் போகாமலிருக்க, பெட்டியை ஒரு மேசைமேல் வைத்து, மேசைக் கால்களை நீர் ஊற்றிய டின்களில் நிறுத்துங்கள். நத்தைக்கும் அதுவே தடுப்பு.

ஆறு முதல் பத்து நாட்களுக்குள் முளை தெரியும். வெங்காய முளை வெளிவரும் விதமே தனி. நம் பெண்கள் தலையில் செருகும் கொண்டை ஊசிபோல் இரண்டாக வளைந்து, முதுகை முதலில் வெளியே காட்டும். பிறகு ஒரு நுனி மண்ணைவிட்டு மேலே வந்து நிமிரும். தலையில் கறுப்பு விதைத் தோலைத் தொப்பியாக வைத்திருக்கும். அந்தத் தோலைக் கையால் எடுத்துவிட நினைக்காதீர்கள். தானாக விழும்.

முளை தெரிந்த அன்றே பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நிழலிலேயே விட்டால் வெளுத்து நீண்டு சாயும். நல்ல வெயில் வேண்டும். மழை மட்டும் நேராக விழக்கூடாது. நான்கு கம்பு நட்டு, தெளிவான பிளாஸ்டிக் விரிப்பை ஒரு பக்கம் சரிவாகக் கட்டினால் கூரை ஆயிற்று. பக்கங்களை மூடாதீர்கள். காற்று ஓட வேண்டும். நீரைக் காலையில் மட்டும் தெளியுங்கள். மாலையில் தெளித்தால் இரவு முழுதும் ஈரம் நின்று அழுகலுக்கு இடம் கொடுக்கும். மண்ணில் விரலை வைத்துப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் தெளிக்கலாம். ஈரமிருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். பாசத்தால் நீரூற்றிச் சாகடித்த நாற்றுகள், வெயிலில் வாடிச் செத்தவற்றைவிட அதிகம். நாற்று அடியில் நூலாக மெலிந்து சாயக் கண்டால், அந்த இடத்து நாற்றையும் மண்ணையும் ஒரு கரண்டியால் அள்ளி அப்பால் எறிந்துவிட்டு, இரண்டு நாள் நீரை நிறுத்துங்கள்.

நாற்று வளரும் இந்த ஆறு வாரத்துக்குள் பாத்தியை ஆயத்தம் செய்ய வேண்டும். ரப்பரும் செம்பனையும் புளிப்பு மண்ணில் வளர்ந்துவிடும். வெங்காயம் அப்படியன்று. புளிப்பு மண்ணில் அதன் வேர் ஓடாது. எனவே, நடவுக்கு மூன்று வாரம் முன்பே டோலோமைட் என்னும் சுண்ணாம்புத் தூளைச் சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று பிடி வீதம் தூவிக் கொத்திவிடுங்கள். பிறகு நன்கு மக்கிய கோழி எருவோ ஆட்டுப் புழுக்கையோ சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ அளவில் கலந்துவிடுங்கள். பச்சை எரு கூடவே கூடாது. அதன் சூடு வேரைப் பொசுக்கிவிடும். பாத்தியை ஒரு மீட்டர் அகலமும் ஒரு சாணுக்குக் குறையாத உயரமுமாக மேடாகக் கட்டுங்கள். பெய்த மழை உடனே வடிந்துபோக வேண்டும்.

இந்த இடத்தில் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. மருந்தடிக்கும் வேலையில் நம் பெண்கள் பலர் இருக்கிறார்கள். களைக்கொல்லி வந்த தோம்பு காலியானதும், "நல்ல தோம்பாக இருக்கிறதே" என்று வீட்டுக்குக் கொண்டுவருவது பல இடங்களில் உண்டு. அதில் நீர் பிடித்துப் பாத்திக்கு ஊற்றாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் மருந்து முழுதும் போவதில்லை. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைசெய்யப்பட்டுவிட்டது உண்மைதான். ஆனால் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் பல வெங்காய நாற்றையும் விட்டுவைக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தத் தண்ணீரில் கை வைக்கும் பிள்ளைகளுக்கு! தோம்பை வேலையிடத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். பாத்தியையும் மருந்தடிக்கும் எல்லையை ஒட்டிப் போடாமல், வீட்டுப் பக்கமாகப் போடுங்கள். இடம் தோட்டத்துக்குச் சொந்தமானதாக இருந்தால், நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. பாத்தி போட்ட பிறகு பிடுங்கு என்று சொன்னால் மனம் தாங்காது.

நேயர்களே, நாற்று எப்போது நடவுக்கு ஆயத்தம்? நாளை மட்டும் பார்க்காதீர்கள்; நாற்றையும் பாருங்கள். விதைத்து ஆறு முதல் ஏழு வாரத்தில் மூன்று நான்கு தாள் விட்டு, ஒரு சாண் உயரம் வளர்ந்திருக்கும். அடித்தண்டு விளக்குமாற்று ஈர்க்கைவிடத் தடித்து, பென்சிலைவிட மெலிந்து இருக்க வேண்டும். ஈர்க்கு அளவே இருந்தால் வெயிலைத் தாங்காது; இன்னும் ஒரு வாரம் விடுங்கள். பென்சிலைவிடத் தடிக்கும்வரை விட்டுவிட்டால், நட்ட பிறகு வளர்ச்சி தடைப்பட்டுச் சிறு காயோடு நின்றுவிடும். நடவுக்கு முந்திய வாரத்தில் நீரைச் சிறிது குறைத்து, முழு வெயிலில் பெட்டியை வைத்து நாற்றைப் பழக்குங்கள். மடியில் வளர்ந்த பிள்ளையை ஒரே நாளில் காட்டு வேலைக்கு அனுப்புவோமா?

நடவை மாலை வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே பெட்டிக்கு நன்றாக நீர் விட்டுவிடுங்கள். நாற்றை இழுத்துப் பிடுங்காமல், கரண்டியை அடியில் செலுத்தி மண்ணோடு தூக்கி, மெல்லப் பிரித்தெடுங்கள். பிறகு தரம் பிரியுங்கள். இதில் கண்டிப்பு வேண்டும். மெலிந்ததையும் வளைந்ததையும், அடியில் நிறம் மாறியதையும் ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியது வீணாகாது, அரிந்து முட்டையில் போட்டுப் பொரிக்கலாம். தாள் மிக நீண்டிருந்தால் மேலே மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை செடி ஈரத்தை இழப்பது குறையும்.

பாத்தியில் வரிக்கு வரி 15 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒரு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் கொண்ட பாத்தியில் ஏறத்தாழ 200 நாற்று நடலாம். குச்சியால் துளையிட்டு, வேர் மேல்நோக்கி மடங்காமல் நேராக இறக்கி, இரு விரலால் மண்ணை அணையுங்கள். ஆழந்தான் இங்கே கவனிக்க வேண்டியது. வெள்ளைத் தண்டு இரண்டு சென்டிமீட்டர் அளவே மண்ணுக்குள் இருக்கட்டும். "ஆழமாக நட்டால் உறுதியாக நிற்குமே" என்று நினைப்பது இயல்பு. ஆழத்தில் நட்ட வெங்காயம் பருக்க முடியாமல் கழுத்துத் தடித்து நீண்டுபோகும்.

நட்ட மறுநாள் பாத்தியைப் பார்த்தால் உங்களுக்கு அழுகை வரும். நாற்று அத்தனையும் தலை சாய்ந்து, நுனி மஞ்சளித்துக் கிடக்கும். அண்டை வீட்டார் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, எல்லாம் போயிருச்சா?" என்று கேட்பார்கள். போகவில்லை. செடி இப்போது மண்ணுக்குள் வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் மேலும் மேலும் நீர் ஊற்றாதீர்கள். ஏழு முதல் பத்து நாளில் நடுவிலிருந்து ஒரு புதுத் தாள் பச்சையாக நிமிரும். அதைப் பார்த்துவிட்டால் நாற்று பிழைத்துவிட்டது என்று கொள்ளலாம். கனத்த மழைக்கு முன்பு பாத்தியின்மேலும் பிளாஸ்டிக் கூரையை இழுத்துவிட வசதி செய்துகொள்ளுங்கள். கூடுமானவரை உங்கள் வட்டாரத்தில் மழை குறைந்த மாதங்களில் நடவு அமையும்படி விதைப்பைத் திட்டமிடுங்கள். வட மாநிலங்களில் தை, மாசி மாதங்கள் அப்படிப்பட்டவை.

அதன்பின் உள்ள வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வெங்காயத் தாள் குறுகியது. நிழல் தந்து களையை அடக்காது. ஆகவே களையை நாமே அடக்க வேண்டும். வேர் மேலாகவே ஓடுவதால் கொத்தாமல் கையால் பிடுங்குங்கள். வரிகளுக்கிடையே காய்ந்த புல்லை மெல்லிதாகப் பரப்பலாம். நட்டு மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் 15:15:15 கலப்பு உரத்தைச் சதுர மீட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் வரிக்கு நடுவே இட்டு நீர் விடுங்கள். காய் பருக்கத் தொடங்கிய பிறகு உரம் வேண்டாம். அப்போது உரமிட்டால் தாள்தான் கொழுக்கும். காய் சேமிப்பில் தங்காது. தாளில் கண்ணாடிபோல் வெளுத்த திட்டுகள் தெரிந்தால், அதைப் பிளந்து பாருங்கள். குழலுக்குள் பச்சைப் புழு ஒளிந்திருக்கும். மருந்து அதை எளிதில் எட்டாது. தாளோடு கிள்ளி நசுக்கிவிடுவதே நல்லது. தாள்மேல் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் முட்டைக் குவியலையும் பிள்ளைகளை விட்டுத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். ஊதா நிறப் புள்ளி விழுந்த தாளையும், முறுக்கிக்கொண்டு கருகும் செடியையும் உடனே அகற்றுங்கள். அதே பாத்தியில் அடுத்த தடவை வெங்காயமும் பூண்டும் நடாமல், பயறோ கீரையோ போடுங்கள்.

நட்ட இரண்டு மாதத்திலிருந்து காயின் தோள் மண்ணுக்கு மேலே தெரியும். மண் போட்டு மூடாதீர்கள். இரண்டரை மூன்று மாதத்தில் கழுத்து தளர்ந்து தாள் தானாகச் சாயும். பாதிச் செடி சாய்ந்ததும் நீரை நிறுத்தி, ஒரு வாரம் கழித்து, மழையில்லாத நாளில் தோண்டி எடுங்கள். கழுவ வேண்டாம். மண்ணை உதறி, கைப்பிடி கைப்பிடியாகக் கட்டி, காற்றோடும் தாழ்வாரத்தில் பத்து நாள் தொங்கவிடுங்கள். கழுத்துக் காய்ந்து, தோல் சரசரக்கும்போது பதம் வந்துவிட்டது. இந்த உலர்த்தலில் அவசரப்பட்டால், நான்கு மாத உழைப்பு இரண்டு வாரத்தில் அழுகிவிடும்.

கடைசியாக, கணக்கையும் பார்த்துவிடுவோம். 200 நாற்றில் 150 தேறி, ஒவ்வொன்றும் 30 கிராம் காய்த்தால் நாலரைக் கிலோ. ஒரு குடும்பத்துக்குச் சில வாரத்துக்குத்தான் வரும். "இதற்கா இவ்வளவு பாடு?" என்று கேட்கலாம். நாங்களும் கேட்டுக்கொண்டோம். ஆனால் நான்காம் முறை எங்கள் பாத்தியில் தாள் சாய்ந்து, முதல் கட்டைத் தோண்டி எடுத்த நாளில் அந்தக் கேள்வி நினைவுக்கு வரவில்லை. கையில் இருந்தது சின்னஞ்சிறு வெங்காயந்தான். ஆனால் அடுத்த முறை இரண்டு பாத்தி போடலாம் என்ற துணிவு அதோடு வந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி இல்லாதபோது, நம் பாட்டன் பாட்டிமார் தோட்டத்து நிலத்தைக் கொத்தி மரவள்ளி நட்டு உயிர் பிழைத்தார்கள். அந்தக் கைப்பழக்கம் நம்மைவிட்டுப் போய்விடக் கூடாது. கப்பல் வரும் காலத்திலேயே கற்றுக்கொண்டால்தான், வராத காலத்தில் அது உதவும்.

ஒருவேளை காய் பிடிக்காமல் போனாலும் மனம் தளராதீர்கள். தாளை அரிந்து பொரியலுக்கும் மீக்கும் போடலாம். முதல் தடவை 200 நாற்றுக்கு ஆசைப்படாமல், ஒரு பழப்பெட்டி நாற்றோடு தொடங்குங்கள். விதைத்த தேதியையும் நட்ட தேதியையும் அடுப்படி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த தடவைக்கு அதுவே உங்களுக்குப் பாடப் புத்தகம்.

இந்த வார இறுதியில் இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம். அடுத்த உரையில் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.